யூனிகார்ன் 150: டாப்பெட் சத்தமே இல்லை, ஆனால் சூட்டில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. ஆர்பிஎம் காரணமா, வால்வா?

ஒரகடம்_ஷிஃப்ட்:

வணக்கம் நண்பர்களே. வண்டி பழைய ஹோண்டா யூனிகார்ன் 150, கார்புரேட்டர் மாடல். ஓடோமீட்டரில் 62,000 கிமீ. ஆயில் 10டபிள்யூ-30, ஒவ்வொரு 3,000 கிமீக்கும் மாற்றுகிறேன். ஹெட், பிஸ்டன் எதையும் இதுவரை பிரித்ததில்லை.

பிரச்சினை இதுதான். காலையில் ஒரே கிக்கில் எழுந்துவிடும். தாம்பரத்திலிருந்து ஒரகடம் வரை ஓடி, பெட்ரோல் பங்கில் அணைத்துவிட்டு உடனே போட்டால் ஐந்தாறு கிக் கேட்கிறது. சிக்னலில் ஐடில் தடுமாறி அணைந்துவிடும். ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்தால் சமாளிக்கிறது, ஆனால் கியர் போடும்போது டக்கென்று இடிக்கிறது. ப்ளக் புதுசு, கார்புரேட்டரும் கழுவியாச்சு.

மெக்கானிக்கிடம் கேட்டால், "டாப்பெட் சத்தமே இல்லையே, வால்வு பக்காவா இருக்கு, தொட வேண்டாம்" என்கிறார். கூடவே, "அஞ்சாவது கியர்ல 40-45லயே போங்க, எஞ்சின் ஆயுசுக்கும் நிக்கும். 70க்கு மேல முறுக்கினா சீக்கிரம் போர் வேலை (சிலிண்டர் கடைசல்) வந்துடும்" என்றும் சொல்கிறார்.

சத்தம் இல்லையென்றால் கேப் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்த வண்டியில் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மீட்டரும் கிடையாது. எந்த வேகத்தில் ஓட்டினால் எஞ்சினுக்கு நல்லது? வால்வு கேப்பை வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஸ்பேனர்செட்:

எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறைய ஓடிய வண்டியில் சத்தம் போடாத டாப்பெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கேப் என்பது வால்வுத் தண்டின் நுனிக்கும், கேம் தள்ள அதை அழுத்தும் ராக்கரில் உள்ள டாப்பெட் ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. அது இரண்டு திசையிலும் மாறும். கேம் லோப், ராக்கர், ஸ்க்ரூவின் முனை இவை தேய்ந்தால் கேப் கூடும், டிக் டிக் கேட்கும். வால்வின் முகமும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்தால் நடப்பது நேர் எதிர். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் ஏறும், அதன் தண்டு நுனி ராக்கரை நெருங்கும், கேப் சுருங்கும், சத்தமும் அடங்கும். வாடிக்கையாளர் "என்னமோ சத்தம் வருது" என்று வந்து நின்றால், கேஜ் வைக்காமல் கைக்கணக்கில் இறுக்கி அனுப்புகிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. வண்டி அமைதியாகிவிடும், ஆளும் சந்தோஷமாகப் போவார்.

கேப் பூஜ்யத்தை நெருங்கினால், சூட்டில் தண்டு நீளும்போது வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு வாங்கும் சூட்டின் பெரும்பகுதி, அது மூடி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. அந்தத் தொடுதல் சரியில்லை என்றால் சூடு இறங்க வழியில்லை. கசியும் நெருப்பு அதே இடத்தை அரிக்கும், கடைசியில் வால்வின் விளிம்பில் ஒரு வெட்டு விழும். அதற்கப்புறம் டாப்பெட்டை எப்படித் திருப்பினாலும் பலனில்லை, ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

காலையில் சரி, சூட்டில் ஸ்டார்ட் இல்லை, ஐடில் நிற்கவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இறுகிய எக்ஸாஸ்ட் வால்வுதான் முதல் சந்தேகம். வேறு காரணமும் இருக்கலாம், ஆனால் செலவே இல்லாமல் பார்க்கக்கூடியது இதுதான்.

யூனிகார்ன் 150க்கு இன்லெட் 0.08 மிமீ, எக்ஸாஸ்ட் 0.12 மிமீ, இரண்டிலும் கூடக் குறைய 0.02 வரை ஏற்கலாம். ஆறின எஞ்சினில் எடுக்கிற அளவு இது. ஆறினது என்றால் முந்தின இரவு நிறுத்தி காலையில் தொடுவது. ஓட்டிக்கொண்டு போய் பட்டறையில் அரை மணி நேரம் நிறுத்தினால் தோல்தான் ஆறும், உள்ளே ஆறாது.

டூல்ஸ்: 0.04, 0.05, 0.08, 0.10, 0.12, 0.15 தகடுகள் உள்ள ஃபீலர் கேஜ், லாக் நட்டுக்கு ரிங் ஸ்பேனர், ஸ்க்ரூவின் சதுரத் தலையைப் பிடிக்கும் டாப்பெட் கீ, 16 மிமீ ப்ளக் ஸ்பேனர், மேக்னட் (கிராங்க் முனையில் சுற்றும் காந்தச் சக்கரம்) போல்ட்டுக்கு சாக்கெட்.

மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி முதலில் ப்ளக்கைக் கழற்றுங்கள். கம்ப்ரஷன் தடுக்காது, எஞ்சின் கையில் லேசாகச் சுற்றும். கழற்றும் முன் ப்ளக் குழியில் இருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நேராக சிலிண்டருக்குள் போகும். இடது கவரில் இரண்டு திருகு மூடிகள் இருக்கும். பெரியதுக்குள் மேக்னட் போல்ட், சின்னதுக்குள் குறி பார்க்கும் துளை. அகலமான ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் நாணயமே போதும். முனை குறுகிய டிரைவரை வைத்து அந்த மூடியின் வாயைக் கெடுக்காதீர்கள். பிறகு ஹெட்டின் மேல் மூடியைத் திறந்து, மேக்னட்டைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி, டி (T, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) என்ற குறியைத் துளையின் வெட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள்.

இங்கேதான் இரண்டு தப்பு சகஜமாக நடக்கும். முதலாவது, டி குறிக்குப் பக்கத்திலேயே எஃப் குறியும் இருக்கும். அது பற்றவைப்பு நேரத்துக்கானது, அதை வைத்து அளக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு சுழற்சியில் டி குறி இரண்டு முறை வரும். ஒன்று கம்ப்ரஷன் முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் முடிவில். எக்ஸாஸ்ட் முடிவில் இரண்டு வால்வும் லேசாகத் திறந்திருக்கும். அங்கே அளந்தால் கேப்பே இல்லாத மாதிரி தெரியும். ராக்கர்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் மிக லேசாக ஆடினால் சரியான இடம். இறுக்கமாக நின்றால் முழுசாக இன்னொரு சுற்று.

குறியைத் தாண்டிவிட்டால் பின்னால் திருப்பாதீர்கள். ஆட்டோ டீகம்ப்ரஸர் (ஸ்டார்ட் செய்யும்போது கம்ப்ரஷனைத் தானாகக் குறைக்கும் அமைப்பு) உள்ள எஞ்சின்களில் பின்னால் திருப்பினால் அது எக்ஸாஸ்ட் ராக்கரைத் தூக்கிப் பிடித்து அளவைப் பொய்யாக்கும். முன்பக்கமாகவே இரண்டு சுற்று சுற்றித் திரும்ப வாருங்கள்.

எக்ஸாஸ்டில் 0.12 தகடு லேசான இழுப்போடு போக வேண்டும், 0.15 போகக் கூடாது. இழுப்பு எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே போகுமா போகாதா என்று இரண்டு தகட்டை வைத்துப் பார்ப்பதுதான் நம்பிக்கையானது. தகட்டை நேராக நுழையுங்கள். வளைந்து நுழைந்தால் 0.12 கூட இறுக்கமாகத் தெரியும்.

சரிசெய்ய: லாக் நட்டைத் தளர்த்தி, தகடு உள்ளே இருக்கும்போதே ஸ்க்ரூவைத் திருப்பி, கீயால் ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே ஒரு மயிரிழை நகரும், அதனால் இறுக்கின பிறகு மறுபடி அளக்காமல் மூடாதீர்கள். பிறகு எஞ்சினை இரண்டு சுற்று சுற்றி இன்னொரு தடவை அளங்கள். லாக் நட்டை முரட்டுத்தனமாக முறுக்கினால் ஸ்க்ரூவின் மரை போய்விடும், சின்ன மரை அது.

ஸ்க்ரூவின் முனையையும் கவனியுங்கள். 62,000இல் அதில் சின்னக் குழி விழுந்திருக்கலாம். தட்டையான தகடு குழிக்குள் இறங்காது, இரண்டு கரையில் பாலம் போல நிற்கும். கேஜ் 0.12 என்று காட்டும், நிஜ கேப் அதைவிடக் கூட இருக்கும். கேஜ்படி எல்லாம் சரி, இருந்தும் சத்தம் போகவில்லை என்றால் ஸ்க்ரூவை மாற்றுங்கள்.

பழைய_இரும்பு:

மெக்கானிக் சொன்னதுல தப்பு என்ன இருக்கு? டாப் கியர்ல மெதுவா போற வண்டிதான் நிக்கும். புல்லட்காரங்க எல்லாம் டொக் டொக்னு 40லதான் போறாங்க, எஞ்சின் எத்தனை வருஷம் ஓடுது பாருங்க. ஆர்பிஎம் ஏறினா தேய்மானம் ஏறும், சின்னக் கணக்குதான்.

கோவை_லேத்:

இரும்பு அண்ணா, அந்தக் கணக்குல லோடு விட்டுப்போச்சுங்க.

முதல்ல ஆர்பிஎம் மீட்டர் இல்லாம ஆர்பிஎம் தெரிஞ்சுக்கற வழி. ஸ்பேனர்செட் சொன்ன மாதிரி ப்ளக்கைக் கழற்றி மெயின் ஸ்டாண்டுல நிக்க வைச்சிருக்கீங்கல்ல, அப்படியே அஞ்சாவது கியரைப் போடுங்க. பின் டயர்ல சாக்பீஸால ஒரு கோடு. சக்கரத்தை முன்பக்கமா ஒரே ஒரு முழுச் சுற்று மெதுவா உருட்டுங்க, இன்னொருத்தர் துளை வழியா டி குறி எத்தனை தடவை கடக்குதுன்னு எண்ணட்டும். இந்த வண்டிக்கு 9ஐ ஒட்டி வரும். அப்புறம் வண்டியைத் தரையில உருட்டி, கோடு தரையைத் தொட்ட ரெண்டு இடத்துக்கும் நடுவுல டேப் வைச்சு அளந்தா 2 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா இருக்கும். ஆக 1,000 ஆர்பிஎம்முக்கு ஏறத்தாழ 13 கிமீ வேகம். 40ல போனா 3,000, 60ல 4,500, 70ல 5,300, 90ல 6,800. ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால நிஜம் இதுல கொஞ்சம் குறைவு. மத்த கியருக்கும் இதே மாதிரி எண்ணி எழுதி வைச்சுக்குங்க. ஸ்ப்ராக்கெட் மாத்தினா கணக்கும் மாறும்.

இந்த எஞ்சினுக்கு அதிகபட்ச டார்க் 12.8 நியூட்டன் மீட்டர், அது வர்றது 5,500ல. அதிகபட்ச பவர் 8,000ல. அதாவது கம்பெனி இதை 5,500ல சுத்தறதுக்காகத்தான் வடிவமைச்சிருக்குங்க. அது முறுக்கறது இல்ல, எஞ்சினோட வீடே அங்கதான்.

"ஆர்பிஎம் ஏறினா தேய்மானம் ஏறும்"ங்கறதுல பாதி உண்மை இருக்கு. பிஸ்டன் மேலயும் கீழயும் நின்னு திரும்பற விசை ஆர்பிஎம்மோட இருமடிக்கு ஏறும். 4,000ல இருக்கறதை விட 8,000ல நாலு மடங்கு. 70ல இருந்து 90க்குப் போனா அந்த விசை கிட்டத்தட்ட 65 சதவீதம் கூடுது. அதோட காத்தைத் தள்ள வேண்டிய பவர் வேகத்தோட மும்மடிக்கு ஏறும், 90ல அது 70ல ஆகறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. அவ்வளவு பவரைத் தர்றப்ப காத்துல ஆறற எஞ்சின்ல சூடும் கூடவே ஏறும். அதனால 90லயே மணிக்கணக்கா போறது நல்லதில்லைங்கறது சரி. அதுக்காக 70ஐப் பார்த்துப் பயப்பட ஒண்ணுமில்ல.

புல்லட்டை இதோட ஒப்பிட வேண்டாம். யூசிஇ எஞ்சின் (எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள இருக்கறது) புல்லட் 350ல பிஸ்டன் ஓடற தூரம் 90 மிமீ, யூனிகார்ன்ல 57.8 மிமீ. புல்லட் அதிகபட்ச பவர் தர்ற 5,250ல பிஸ்டனோட சராசரி வேகம் நொடிக்கு 15.7 மீட்டர். யூனிகார்ன் 8,000ல சுத்தினா 15.4 மீட்டர். பிஸ்டனைக் கேட்டா ரெண்டும் ஒண்ணுதான். புல்லட் 40ல நிதானமாப் போறதுக்குக் காரணம் கனமான ஃப்ளைவீலும், கீழயே கிடைக்கற 28 நியூட்டன் மீட்டரும். யூனிகார்ன்ல அது ரெண்டும் கிடையாதுங்க.

இப்ப 40 விஷயம். சமதரை, தனி ஆள், திராட்டில் லேசாத்தான் திறந்திருக்கு. அஞ்சாவது கியர்ல 40ல போறதுல எந்தக் கெடுதலும் இல்ல. அதே 40ல பின்னால ஒரு ஆளும் மூட்டையுமா மேம்பாலம் ஏறறப்ப, கியர் குறைக்காம திராட்டிலை முக்கால் வரைக்கும் திறந்தா, அப்பதான் எஞ்சின் அடி வாங்குது. பிஸ்டன் மெதுவா நகருது, நெருப்போட அழுத்தம் முழுசா, நீண்ட நேரம் அது மேல நிக்குது. சூட்டுல கிணிகிணின்னு இடிச் சத்தம் கேட்டா அது பெட்ரோல் தானா வெடிக்கறது, பிஸ்டன் தலையை உடைக்கறதே அதுதான். ஒவ்வொரு வெடிப்புக்கும் நடுவுல கிராங்க் வேகம் குறைஞ்சு கூடறதால செயினும், சக்கரத்துல இருக்கற டேம்பர் ரப்பரும், கிளட்ச் ஹப்பும் குதறப்படும். பிஸ்டன் லைனரோட ஒரே பக்கத்தைச் சாய்ஞ்சு உரசும்.

கார்க்காரங்க சொல்ற "மெதுவா போனா ஆயில் பிரஷர் இல்லாம பேரிங் போயிடும்" இங்க அப்படியே பொருந்தாதுங்க. இந்த மாதிரி சின்ன சிங்கிள் எஞ்சின்ல கிராங்க் ரெண்டு பக்கமும் பால் பேரிங், கன்ராட் அடியில நீடில் பேரிங். பிரஷர்ல மிதக்கற ஷெல் பேரிங் இல்ல. பழைய வார்ப்பிரும்பு புல்லட்ல கன்ராட் அடியில மிதக்கும் புஷ் இருந்துச்சு, அதுக்கு அந்தப் பேச்சு சரி.

சோதனை ரொம்ப எளிசு. அஞ்சாவதுல போறப்ப திராட்டிலைக் கொஞ்சம் திறங்க. நடுங்காம வேகம் பிடிச்சா அந்தக் கியர் ஓகே. உதறினா, இல்ல திறந்தும் வேகம் ஏறலைன்னா ஒண்ணு குறைங்க. மேடு ஏற, ஆளோட போக, 4,000-6,000 நடுவுல வைச்சுக்குங்க.

ஒரே ஒரு இடத்துல ஆர்பிஎம் நிஜமாவே ஆபத்து: இறக்கத்துல தப்பா கியர் குறைக்கறது. கல்லட்டி மாதிரி மலைல வேகமா இறங்கிட்டு மூணுக்குப் பதிலா ரெண்டுல விட்டா, பின் சக்கரமே எஞ்சினைச் சுத்தி விடும். ஆர்பிஎம் லிமிட்டர் இருந்தாலும் அது பற்றவைப்பைத்தான் நிறுத்தும், சக்கரத்தை நிறுத்தாது. ஸ்பிரிங் வால்வைச் சமயத்துக்கு மூட முடியாம வால்வு மிதக்கும், பிஸ்டன்ல முட்டினா தண்டு வளையும். வேகத்தை பிரேக்ல குறைச்ச பிறகுதான் கியர்.

ஒரகடம்_ஷிஃப்ட்:

இருவருக்கும் நன்றி. இன்று காலை ஆறின எஞ்சினில் அளந்தேன். கம்ப்ரஷன் முடிவுதான், ராக்கர் ஆடுவதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். இன்லெட்டில் 0.08 சுலபமாகப் போகிறது, 0.10 இழுத்துக்கொண்டு போகிறது. எக்ஸாஸ்டில் 0.05 நுழையவே இல்லை, 0.04 இறுக்கமாகப் போகிறது. ஸ்க்ரூ முனையில் குழி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எக்ஸாஸ்டை 0.12 வைத்து மூடிவிட்டேன். இப்போது லேசாக டிக் டிக் கேட்கிறது. சூட்டில் இரண்டாவது கிக்கில் எடுக்கிறது, ஐடிலும் நிற்கிறது. இத்தோடு விட்டுவிடலாமா? டி குறியை எண்ணியதில் 9தான் வந்தது.

ஸ்பேனர்செட்:

0.12 இருக்க வேண்டிய இடத்தில் 0.04. நல்ல நேரத்தில் பிடித்தீர்கள். அந்த டிக் டிக் அப்படியே இருக்கட்டும், யார் சொன்னாலும் அதைக் குறைக்க இறுக்காதீர்கள். ஆறினபோது கேட்டு, சூடானதும் கொஞ்சம் குறைந்தால் இயல்பு.

ஆனால் இத்தோடு விடக் கூடாது. கேப் சுருங்கினது பல வருட மெதுவான தேய்மானமா, அண்மையில் யாரோ இறுக்கினதா, இல்லை சீட் வேகமாக உள்வாங்குகிறதா என்பதை 0.12இலிருந்து அது நகர்வதை வைத்துத்தான் சொல்ல முடியும். 1,000 கிமீ கழித்து மறுபடி அளங்கள். 0.11-0.12 நின்றால் கவலை இல்லை, அடுத்து 4,000இல் பார்த்தால் போதும். 1,000 கிமீக்குள் 0.08க்கு இறங்கிவிட்டால் சீட்டோ வால்வோ போய்க்கொண்டிருக்கிறது, ஹெட் வேலைக்குத் தயாராகுங்கள். நடுவில் இருந்தால் ஸ்க்ரூவைத் திருப்பாமல் இன்னொரு 1,000 ஓட்டிப் பார்க்கலாம். எழுதி வையுங்கள், தேதி, கிலோமீட்டர், திருப்புவதற்கு முன் அளவு, பின் அளவு. முன் அளவு எழுதாதவருக்கு அடுத்த தடவை ஒன்றும் புரியாது.

வால்வு ஏற்கனவே கசிகிறதா என்று சந்தேகம் இருந்தால் காற்றுச் சோதனை உண்டு. ப்ளக் துளைக்கு ஒரு அடாப்டர், பஞ்சர் கடை கம்ப்ரஸர். கம்ப்ரஷன் முடிவில் டி குறியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் காற்று பிஸ்டனைத் தள்ளிவிடும். மேக்னட் போல்ட்டில் மாட்டின ஸ்பேனரைக் கழற்றிவிட்டுத்தான் காற்றைத் திறக்க வேண்டும். காற்று கொடுத்துவிட்டுக் காதை வையுங்கள். சைலன்ஸர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட், கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்லெட், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். ரிங் பக்கம் கொஞ்சம் வருவது எல்லா எஞ்சினிலும் உண்டு. வால்வு பக்கம் சத்தமே வரக் கூடாது.

ஹெட்டைப் பிரிக்க வேண்டி வந்தால் வெறும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து ஒட்டவைப்பதோடு நிறுத்த விடாதீர்கள். சீட் அகலமாகிவிட்டிருந்தால் கட்டரால் அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த பேஸ்ட் தேய்ப்பு (லேப்பிங்). வால்வு கைடில் (தண்டு ஓடும் குழாய்) பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் அதை விட்டுவிட்டுச் செய்யும் எந்த வேலையும் நிற்காது, வால்வு ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் உட்காரும். ஸ்டெம் சீல் கண்டிப்பாகப் புதுசு. மாட்டும் முன் ஹெட்டைத் திருப்பி வைத்து போர்ட்டில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, பத்து நிமிடத்தில் வால்வைச் சுற்றி ஈரம் கசிகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நெருப்பு எதுவும் இல்லாமல்.

கேப் சீக்கிரம் சுருங்குவதற்குப் பின்னால் பல சமயம் கலவை லீனாக (பெட்ரோல் குறைந்து காற்று கூடி) இருப்பதும் இருக்கும். திராட்டிலை மூடும்போது சைலன்ஸரில் டப் டப் என்று வெடிக்கிறதா? கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பூட்டை வளைத்துப் பாருங்கள். இத்தனை வருட வண்டியில் அடிப்பக்கம் கீறல் விட்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. அதோடு ஹெட்டும் சைலன்ஸர் வளைவும் சேரும் இடத்தில் கரும்புகை படிந்திருந்தால் அந்த கேஸ்கெட்டும் போயிருக்கிறது.

டின்_ஆயில்:

வால்வு முடிந்தது. ஆயில் பக்கம் யாரும் போகவில்லை, அதனால் சுருக்கமாக.

இந்த எஞ்சினில் ஆயில் மாற்றும்போது ஊற்றுவது 1 லிட்டர். அதில் 300 மில்லி குறைந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போச்சு. மிச்சம் இருப்பதுதான் எல்லாச் சூட்டையும் சுமக்க வேண்டும். ஆர்பிஎம் அதிகம் ஓட்டிக் கெட்டதாகச் சொல்லப்படும் எஞ்சின்களைப் பிரித்தால் பலதில் ஆயில் குறைந்துதான் இருக்கும். அளக்கும் முறையிலேயே தப்பு நடக்கிறது: வண்டி மெயின் ஸ்டாண்டில் நேராக, எஞ்சின் சில நிமிடம் ஐடிலில் ஓடி, அணைத்து 2-3 நிமிடம் கழித்து, டிப் ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட்டு எடுக்க வேண்டும். ஹோண்டாவில் அதைத் திருகக் கூடாது, சும்மா உட்கார வைத்தால் போதும். திருகி அளந்தால் ஆயில் கூட இருப்பது போலக் காட்டும். சைடு ஸ்டாண்டில் அளப்பதற்கு அளக்காமலே இருக்கலாம்.

ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குகளுக்கான ஆயில் தரம்) என்று டின்னில் இருக்க வேண்டும். கார் ஆயில் போட்டால் கிளட்ச் வழுக்கும். 3,000க்கு மாற்றுவது நல்ல பழக்கம்தான், ஆனால் வலது கவருக்குள் இருக்கும் சுழல் ஃபில்டரை எப்போது கழுவினீர்கள்? அது கிராங்க்கோடு சேர்ந்து சுற்றி அழுக்கை ஓரத்தில் பசை மாதிரி ஒட்டவைக்கும். கிளட்ச் பக்கக் கவரைத் திறந்தால்தான் கைக்கு எட்டும் என்பதால் பல பட்டறைகளில் அதைத் தொடுவதே இல்லை. 12,000 கிமீக்கு ஒரு முறை திறந்து அந்தக் கறுப்புப் பசையைச் சுரண்டி எடுக்க வேண்டும். கவர் கேஸ்கெட்டும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டர் எண்ணெய் தோய்ந்த பேப்பர் வகை. ஏர் அடித்துச் சுத்தம் செய்தால் அந்த எண்ணெய் போகும், தாளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், பிறகு ஒரகடம் ரோட்டுப் புழுதி நேராக ரிங்குக்குத்தான். சர்வீஸ் பில்லில் "ஏர் ஃபில்டர் கிளீனிங்" என்று போட்டிருந்தால் எதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். அதற்கு இருப்பது ஒரே வேலை, கெடு வந்தால் மாற்றுவது.

காலையில் ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து ஐடிலில் சூடாக்க வேண்டாம். அரை நிமிடம் போதும், முதல் 2-3 கிமீ மெதுவாக, மேலே சொன்ன கணக்கில் 4,000 தாண்டாமல்.

டியூக்_ஓஎம்ஆர்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டியூக் 390க்கு இதே வேலையை வீட்டில் செய்ய முடியுமா?

ஸ்பேனர்செட்:

அளக்க முடியும், சரிசெய்வது வேறு வேலை ப்ரோ. அங்கே ஸ்க்ரூ கிடையாது. வால்வுத் தண்டின் நுனியில் பொத்தான் மாதிரி ஷிம் உட்கார்ந்திருக்கும், கேப்பை மாற்ற ஷிம்மையே மாற்ற வேண்டும். அதற்கு டேங்க் இறக்கி, கேம்ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, டைமிங் குறிகளைத் திரும்பப் பொருத்த வேண்டும். ஒரு பல் தவறினால் வால்வு பிஸ்டனில் முட்டும்.

கணக்கு இப்படி: புது ஷிம் = பழைய ஷிம் + அளந்த கேப் − வேண்டிய கேப். எக்ஸாஸ்டுக்கு மேனுவல் 0.15-0.20 கேட்கிறது, நீங்கள் அளந்தது 0.10, பழைய ஷிம் 2.60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.20 வேண்டும் என்றால் 2.50 ஷிம். நடுவில் வைக்காமல் மேல் எல்லைக்கு வைப்பது ஏனென்றால் இந்த வகையிலும் கேப் சுருங்கத்தான் செய்யும், அடுத்த தடவை பிரிப்பது தள்ளிப்போகும். ஷிம்மின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளங்கள், ஓடின ஷிம் தேய்ந்திருக்கும். கேமைக் கழற்றும் முன் எல்லா வால்வின் கேப்பையும் ஒரு தாளில் படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள், பல சமயம் ஒரு வால்வில் கழற்றின ஷிம் இன்னொரு வால்வுக்குப் பொருந்தும், வாங்க வேண்டியது குறையும். கேம் கழற்றின பிறகு குறித்தால் பயனில்லை.

ஒரகடம்_ஷிஃப்ட்:

ரப்பர் பூட்டைக் கழற்றிப் பார்த்தேன். அடிப்பக்கம் விரல் நகம் அளவுக்குக் கீறல் இருக்கிறது. திராட்டில் மூடும்போது டப் டப் சத்தமும் உண்டு, நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன். பூட்டை மட்டும் மாற்றினால் போதுமா, ஓ-ரிங்கும் மாற்ற வேண்டுமா?

ஸ்பேனர்செட்:

ஹெட் பக்கம் உள்ள ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள், இத்தனை வருடத்தில் அது தட்டையாகி இருக்கும். பூட்டின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள், ஒரு பக்கம் முழுசாக இறுக்கினால் ஃபிளாஞ்ச் சாய்ந்து மறுபக்கம் காற்று வாங்கும். மாட்டின பிறகு ஐடில் மாறும், அப்போது ஏற்றி வைத்த ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கலவை ஸ்க்ரூவைக் கார்புரேட்டர் கழுவியபோது யாராவது திருப்பியிருந்தால் அதையும் சூடான எஞ்சினில், ஐடில் மிக உயரமாக நிற்கும் இடத்துக்குச் செட் செய்ய வேண்டும். 1,000 கிமீ கணக்கை பூட் மாற்றின நாளிலிருந்து தொடங்குங்கள், அதற்கு முன் ஓடினதை எண்ண வேண்டாம்.